மாடி அறையில் ஃபேன் நின்றுபோனால் செலவு யாருடையது?

சிவகாசி, விருதுநகர், சாத்தூர் பக்கங்களில் மொட்டை மாடியில் தகர ஷீட்டோ சிமெண்ட் ஷீட்டோ போட்டு எழுப்பிய அறைகளில் நம் குடும்பங்கள் பல வாடகைக்கு இருக்கின்றன. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு அந்த வாடகைதான் கட்டுப்படியாகும். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த ஷீட் இரவிலும் அனலைக் கக்கும். மேலே ஒரு சீலிங் ஃபேன், சுவரில் சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன். இரண்டில் ஒன்று நின்றாலும் கைக்குழந்தையும் வயதானவர்களும் அங்கே படுக்க முடியாது. அப்போதுதான் "வீட்டுக்காரர் மாற்றட்டும்", "உபயோகித்தவர் மாற்றட்டும்" என்ற பேச்சு தொடங்கி, அட்வான்ஸைப் பிடிப்பது, காலி செய்யச் சொல்வது வரை போகிறது.

செலவு யாருடையது என்று பேசுவதற்கு முன், கெட்டுப்போனது எது என்று பார்க்க வேண்டும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர்தான். சிறிய செலவு, இதற்காக வீட்டுக்காரர் வாசலுக்குப் போவது தேவையில்லை என்பதே நம் கருத்து. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். கருகிய வாடை அடித்து நின்றிருந்தால் காயில் எரிந்திருக்கும். ரீவைண்டிங் செய்வதா புதிது வாங்குவதா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. ஃபேனில் கோளாறே இல்லாமல் வயரில் கரண்ட் வராமலும் இருக்கலாம். ஷீட் ஒழுகி மழைத்தண்ணீர் வயரில் இறங்கிய வீடுகளில் இது நடக்கும். அது ஃபேன் பிரச்சினை அல்ல, கட்டடப் பிரச்சினை.

இந்த வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களுக்கான சட்டம் அது. யார் எதைப் பழுது பார்ப்பது என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் உள்ள வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், மின்சாதனங்களின் பழுது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. அதன்படி சீலிங் ஃபேனும் எக்ஸாஸ்ட் ஃபேனும் குடியிருப்பவர் பக்கம் விழுகின்றன. அவற்றுக்குப் போகும் வயரும், ஃபேன் தொங்கும் கொக்கியும் கூரையும் வீட்டுக்காரர் பக்கம். இருவரும் ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளவும் இடம் உண்டு. நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

வீட்டுக்காரர் தம் பொறுப்பில் உள்ள பழுதைப் பார்க்க மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. குடியிருப்பவர் தம் பொறுப்பில் உள்ளதைச் செய்யாவிட்டால் அட்வான்ஸில் பிடிக்கலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்றும் இதே சட்டம் சொல்கிறது. நம் ஊர்களில் கேட்கப்படும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்!

மார்க்க நூல்களில் வாடகை 'இஜாரா' என்ற தலைப்பில் விரிவாகப் பேசப்படுகிறது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், வீட்டைச் செப்பனிடுவதை உரிமையாளர் மேல் வைக்கிறது. அவர் செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு வருகிறது. கூரையில் விழுந்த பனியை அகற்றுவது உரிமையாளர் வேலை, முற்றத்துக் குப்பையைப் பெருக்குவது குடியிருப்பவர் வேலை என்று அந்த நூல் பிரிப்பதைப் படிக்கும்போது, நம் தகரக் கூரையும் அதன் கீழுள்ள ஃபேனும்தான் நினைவுக்கு வருகின்றன. ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட மஜல்லாவும், வீட்டின் பயனைக் கெடுக்கும் பழுதுகளை உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: அனுமதி கேட்காமல் குடியிருப்பவர் செலவழித்தால் அது அவருடைய நன்கொடையாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது.

குடியிருப்பவர் கையில் வீடு அமானத். அவர் கவனக்குறைவால் உடைந்ததற்கு அவர் பொறுப்பு. வயதாகி நின்றுபோனதற்கு அல்ல. ஆகவே குடிவரும்போதே மாட்டியிருந்த பழைய ஃபேன் தானாக எரிந்துபோனால், வீட்டுக்காரரே புதிது தருவதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது. குடியிருப்பவர் தாமே வாங்கி மாட்டியது என்றால் கேள்வியே இல்லை, அது அவருடையது. கொக்கியும் சுவரும் சேதமாகாமல் கழற்றி, போகும்போது எடுத்துச் செல்லலாம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது.

இன்னொன்று. "எல்லா ரிப்பேரும் குடியிருப்பவரே" என்று ஒரே வரியில் எழுதி வாங்கும் வழக்கம் பரவிவருகிறது. வீட்டைச் செப்பனிடுவதையே வாடகையாக வைத்தால் அந்த இஜாரா செல்லாது என்கிறது மின்ஹாஜ், ஏனென்றால் தொகை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 500 ரூபாய் வரை குடியிருப்பவர், அதற்கு மேல் வீட்டுக்காரர் என்பதுபோல் ஒரு கணக்கை எழுதிவிட்டால் சண்டை பாதி குறையும். எத்தனை ஃபேன், எந்த நிலையில், யாருடையது என்பதையும் சேர்த்து எழுதி, சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம். கடனுக்கு எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனத்தை ஓதுகிற நாம், வாடகைக்கு வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறோம்.

புதிது வாங்கும்போது இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கணக்கும் உண்டு. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 16 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். ஆனால் ஃபேனுக்குப் பணம் கொடுப்பவர் வீட்டுக்காரர், கரண்ட் பில் மிச்சமாவது குடியிருப்பவருக்கு. அதனால் சாதா ஃபேனின் விலையை வீட்டுக்காரர் தந்து, மேற்கொண்டு ஆகும் தொகையைக் குடியிருப்பவர் போட்டுக்கொள்வது இருவருக்கும் ஒத்துவரும். அப்படிச் செய்தால் காலி செய்யும்போது ஃபேன் யாருக்கு என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

யார் பணம் கொடுத்தாலும் வேலையை எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும். ஷீட் கூரையில் கால் வைக்கக் கூடாது. சிமெண்ட் ஷீட் ஆள் பாரம் தாங்காமல் உடையும். மெயினை அணைக்காமல், ஈரக் கையோடு, பையனை ஸ்டூலில் ஏற்றி வயரைத் தொடச் சொல்வது இன்னும் மோசம்.

ஜமாஅத்தின் வக்ஃப் வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பதிவுபெற்ற வக்ஃப் சொத்துகளுக்கு மேற்சொன்ன 2017 சட்டம் பொருந்தாது. அங்கே முத்தவல்லியிடமோ நிர்வாகக் குழுவிடமோ எழுத்தில் கேட்டு, அனுமதி வந்த பிறகே செலவு செய்யுங்கள். ரசீதில் ஜமாஅத் பெயரைப் போடச் சொல்லி, நகல் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.