கார் என்ஜினுக்கும் ஒரு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன்

கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கம் ஒரு ஃபேன் இருக்கும். அது உள்ளே சேரும் சூடான காற்றை வெளியே தள்ள, முன்பக்கத் துளைகள் வழியே புதுக்காற்று வரும். பெட்ரோல் காரின் என்ஜினிலும் இது போன்ற ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் பி.சி.வி., அதாவது பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் கசியும். புது என்ஜினிலும் இது உண்டு. எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் இதில் கலந்திருக்கும். அங்கேயே தங்கினால் ஆயில் கெட்டுச் சேறு போலாகும். பிரஷர் ஏறினால் சீல்கள் வழியே ஆயில் கசியும்.

பழைய கார்களில் ஒரு குழாய் வைத்து இந்த வாயுவை ரோட்டிலேயே விட்டார்கள்! லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து நடத்தும் வேதிவினைதான் காரணம் என்று 1950களில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி விளக்கினார். 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் பி.சி.வி. வந்தது. 1963இல் அமெரிக்கா முழுவதும் பரவியது.

இதில் தனியாக ஃபேன் கிடையாது. என்ஜின் காற்றை இழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடமே ஃபேன். ஆனால் ஒரு சிக்கல். ஐட்லிங்கில் வெற்றிடம் அதிகம், கசியும் வாயு குறைவு. வேகமாக ஓடும்போது நேர்மாறு. இதைச் சமாளிப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வ். ஐட்லிங்கில் பலமான இழுப்பு அதைக் கிட்டத்தட்ட மூடிவிடும். இழுப்பு குறையக் குறைய ஸ்பிரிங் தள்ளி வழியை அகலமாக்கும். மேனிஃபோல்டில் தீ பின்னோக்கி வந்தால் உடனே மூடிக்கொள்ளும். ஒரு வரி புரோகிராம் கூட இல்லாமல் இத்தனையும் நடக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்!

என் நண்பரின் காரில் ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நான்கு சிலிண்டரும் சரி. வால்வைக் கழற்றி ஆட்டினால் சத்தமே இல்லை, சேறு பிடித்து இறுகிக் கிடந்தது. புது வால்வும் புது சீலும் போட்டதும் கசிவு நின்றது.

நீங்களே சோதிக்கலாம். என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு பேப்பரை வையுங்கள். மெதுவாக உள்ளே இழுத்தால் நல்லது. வெளியே தள்ளினால் வால்வ் அடைத்திருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம். சட்டை நுனி, துப்பட்டா பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் வெடித்திருந்தால் கண்டுபிடிக்க புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் உதவும். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில், ஃப்யூவல் ட்ரிம் ஐட்லிங்கில் ப்ளஸ்ஸில் ஏறி, 2,500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நெருங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ நுழைகிறது என்று அர்த்தம். பி0171 என்ற கோடும் வரலாம். டீசல் கார்களுக்கு இந்தப் பேப்பர் சோதனை பொருந்தாது. அவற்றில் இழுக்க இந்த அளவு வெற்றிடம் கிடையாது.