ஹிப் ஹாப் நடன அமைப்பாளர்

ஹிப் ஹாப் நடன அமைப்பாளர் என்பவர், ஹிப் ஹாப் நடன வகைகளைக் கொண்டு இசை நிகழ்படம், மேடை நிகழ்ச்சி, திரைப்படம், விளம்பரம் முதலியவற்றுக்கு நடனம் அமைத்து, அதனை ஆடுவோருக்குப் பயிற்றுவிப்பவர் ஆவார். தமிழ்த் திரையுலகில் நடன இயக்குநர் என்றும் பேச்சுவழக்கில் மாஸ்டர் என்றும் அழைக்கப்படுபவரின் பணியை இது ஒத்தது. தெருவிலும் விருந்துகளிலும் பலர் கூடி உருவாக்கிய அசைவுகளை ஒருவர் தமது வாழ்தொழிலாக்கிக் கொள்வதால், உரிமையும் ஊதியமும் இத்தொழிலில் தொடக்கம் முதலே சிக்கலானவையாக உள்ளன.

பின்னணி

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆம் ஆண்டு முதல் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்துகளில், பாடலின் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதி நீட்டித்து இசைக்கப்பட்டது. அப்பகுதிக்கு ஆடியோரின் ஆட்டமே பிரேக்கிங் ஆயிற்று. லாக்கிங், பாப்பிங் ஆகியவை இதனுடன் தொடர்பின்றிக் கலிபோர்னியாவில் தோன்றியவை. லாக்கிங்கை லாஸ் ஏஞ்சலசில் டான் கேம்பலும், பாப்பிங்கை ஃபிரெஸ்னோவில் பூகலூ சாமும் உருவாக்கினர். இவை அனைத்தையும் ஹிப் ஹாப் என்ற ஒரே பெயரில் அடக்கியதில் 1980களின் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் பெரும் பங்குண்டு.

விருந்துகளில் ஆடுபவர் வட்டத்தின் நடுவே தனித்து, அவ்வப்போது தோன்றியதை ஆடுவார். அங்கே நடன அமைப்பாளருக்கு வேலை இல்லை. ஒரே அசைவைப் பலர் ஒருசேர ஆட வேண்டிய தேவை படப்பிடிப்புடன் வந்தது. டான் கேம்பலுடன் லாக்கர்ஸ் குழுவில் ஆடிய டோனி பேசில், தெரு நடனத்தையும் தொழில்முறை நடன அமைப்பையும் இணைத்த முன்னோடிகளுள் ஒருவர். எம்டிவி இசை நிகழ்பட விருதுகளில் 1984 ஆம் ஆண்டு முதலே நடன அமைப்புக்குத் தனி விருது இருந்தது.

பணி

இசை பெரும்பாலும் எட்டு எட்டு எண்ணிக்கைகளாகப் பிரிக்கப்படுகிறது. எண்களுக்கு இடையில் விழும் அரைத் தாளத்தையும் தாளக்கருவிகளின் நுண்ணொலிகளையும் உடலால் காட்டுவதே ஹிப் ஹாப் நடனத்தின் சுவை. ஆதலால் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது. நடன அமைப்பாளர் முதலில் ஓரிரு உதவியாளர்களுடன் அசைவுகளை உருவாக்குவார். பின்னர் குழுவினர் நிற்கும் ஒழுங்கு, இடமாற்றம், ஒளிப்படக் கருவியின் கோணம் ஆகியவற்றை முடிவு செய்வார். பாடகருக்கு எளிய அசைவுகளைத் தந்து, கடினமானவற்றைச் சுற்றி நிற்போருக்குப் பகிர்ந்தளிப்பதும் இவரது திறமையே. நன்றாக ஆடத் தெரிந்த பலர் இப்பகுதியில்தான் தடுமாறுகின்றனர்.

வாழ்தொழில்

இத்தொழிலுக்குக் கட்டாயக் கல்வித் தகுதி எதுவும் இல்லை. ஃபாத்திமா ராபின்சன் முறையான நடனப் பயிற்சி பெறாதவர். லாஸ் ஏஞ்சலஸ் நகர நடன விடுதிகளில் ஆடிப் பழகியவர். மைக்கேல் ஜாக்சனின் 'ரிமெம்பர் த டைம்' (1992) நிகழ்படத்துக்கு நடனம் அமைத்தபோது இருபது வயதைச் சிறிதே கடந்திருந்தார். பின்னர் 'டிரீம்கேர்ள்ஸ்' (2006) திரைப்படத்துக்கும், 2022 ஆம் ஆண்டின் சூப்பர் போல் இடைவேளை நிகழ்ச்சிக்கும் நடனம் அமைத்தார். ரென்னி ஹாரிஸ் வேறு வழியைத் தேர்ந்தார். பிலடெல்பியாவில் 1992 இல் பியூர்மூவ்மென்ட் என்னும் குழுவை நிறுவி, ஹிப் ஹாப் நடனத்தை அரங்கக் கலையாக வளர்த்தார்.

பொதுவாக ஒருவர் குழு நடனக் கலைஞராகத் தொடங்கி, உதவியாளராகிப் பின்னரே தனித்து நடனம் அமைக்கிறார். நிகழ்பட வேலை தொடர்ந்து கிடைப்பதில்லை. எனவே பலருக்கும் நடனக்கூட வகுப்புகளே நிலையான வருவாய் தருகின்றன. யூடியூப் வந்தபின், வகுப்பில் எடுக்கப்படும் ஒளிப்பதிவே வேலை தேடித் தரும் அறிமுகச் சீட்டாகவும் ஆனது.

உரிமைச் சிக்கல்

வழக்கமாக நடன அமைப்பாளருக்கு ஒரு முறை ஊதியம் மட்டுமே வழங்கப்படுகிறது. பாடல் ஒலிக்கும்தோறும் பாடலாசிரியர் பெறும் உரிமைத்தொகை போன்ற ஒன்று இவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை, அந்த நடனமே பாடலைப் புகழடையச் செய்திருந்தாலும்.

அமெரிக்காவின் 1976 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் பாதுகாக்கிறது. ஆயினும் தனி அசைவுகளும் மக்கள் பொதுவாக ஆடும் எளிய ஆட்டங்களும் அதில் அடங்கா. இதற்கு நியாயமும் உண்டு. மைக்கேல் ஜாக்சன் 1983 இல் புகழ்பெறச் செய்த மூன்வாக் அசைவை அவருக்கு முன்பே ஜெஃப்ரி டேனியல் உள்ளிட்டோர் ஆடியுள்ளனர். அதை எவரேனும் தமதாக்கியிருந்தால் மற்றவர் ஆட இயலாது போயிருக்கும்.

பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' (2008) நடனத்தை அமைத்தவர்களுள் ஒருவரான ஜகுவெல் நைட், அதனை லாபான் குறியீட்டு முறையில் எழுதச் செய்து 2020 இல் பதிப்புரிமை பெற்றார். கைல் ஹனகாமி என்பவர், தமது நடனத்தின் சில நொடிப் பகுதி ஃபோர்ட்நைட் நிகழ்பட விளையாட்டில் எடுத்தாளப்பட்டதாக எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் 2022 இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2023 இல் அத்தீர்ப்பை மாற்றி, நடனத்தைத் தனித்தனி நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பது தவறு என்றும், அசைவுகளைத் தேர்ந்து அடுக்கிய முறையே ஒப்பிடத்தக்கது என்றும் கூறியது. பின்னர் இரு தரப்பினரும் சமரசம் செய்துகொண்டதால் வழக்கு இறுதி விசாரணைக்கு வரவில்லை.