கையுறையில் ஒரு விடிவெள்ளி

குளிரைத் தடுக்கத் தோன்றியது ஆடை. அதில் அழகையும் காண மனிதன் விழைந்தபோது கலை பிறந்தது. ஓர் இனத்தாரின் கலையுள்ளத்தை அறிய, அவர்தம் மாளிகைகளைவிட அன்றாடக் கைவேலைகளே உற்ற சான்றாதல் உண்டு. பால்டிக் கடற்கரை நாடாகிய லாட்வியாவின் கம்பளிக் கையுறைகள் அத்தகையன. அவற்றின் மரபையும், அம்மரபு வழிப் பின்னுவோர் பெறும் இன்பத்தையும் ஈண்டுக் காண்போம்.

பின்னலின் பழமை

நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும். பின்னலிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டே துணியாகிறது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல்களுள் இஸ்லாமியர் ஆட்சிக்கால எகிப்தின் பருத்திக் காலுறைகள் குறிப்பிடத்தக்கன. வெண்மையும் அவுரி நீலமும் கலந்த அவற்றுள் சிலவற்றில் அரபு எழுத்தணிகளும் உள. இரு வண்ண நூலால் உருவம் சமைக்கும் முறை எத்துணைப் பழமையது என்பது இதனால் விளங்கும்.

சீர்ப்பெட்டியில் கையுறை

லாட்வியச் சிற்றூர்களில் பெண்மக்கள் இளம் பருவத்திலேயே பின்னத் தொடங்கினர். திருமணத்திற்குள் சீர்ப்பெட்டி நிறையக் கையுறைகள் சேர்தல் வேண்டும். மணநாளில் மணமகன் வீட்டார்க்கும் போதகருக்கும் அவை பரிசாயின. புகுந்த வீட்டின் அடுப்படியிலும் மாட்டுத் தொழுவத்திலும்கூடக் கையுறைகளை வைத்தனர். பெட்டியைக் கண்டு பெண்ணின் உழைப்பை ஊரார் அளந்தனர். அவள் கண்ணுக்கும் விரலுக்கும் அது சுமையாகவும் இருந்திருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. இன்று விரும்பிப் பின்னுவோர்க்கு அச்சுமை இல்லை. கலையின்பமே எஞ்சி நிற்கிறது.

வடிவும் பொருளும்

எண்முனை விண்மீனாகிய 'ஆவுசெக்லிஸ்' விடிவெள்ளியைக் குறிக்கும். இரு கதிர்கள் குறுக்கிட்டுச் சாயும் 'யூமிஸ்' விளைச்சலின் வளத்தைக் குறிக்கும். இத்தகைய பெயர்களையும் பொருள்களையும் பெரிதும் முறைப்படுத்தியோர் 1920, 1930-களின் அறிஞர்களே. அதற்கு முன்னரே பாட்டிமார் அவ்வடிவங்களைக் கண்ணால் கற்றுக் கையால் பேத்தியர்க்கு அளித்துவிட்டனர்.

பின்னும் முறை

முதலில் கட்டத்தாளில் வடிவத்தை வரைதல் வேண்டும்; ஒரு கட்டம் ஒரு கண்ணிக்கு நிகர். நான்கு ஊசிகள் கண்ணிகளைத் தாங்க, ஐந்தாவது ஊசி பின்னிச் செல்லும். பொதுவாக ஒரு சுற்றில் இரு வண்ணங்களே இடம்பெறும். முன்னே வராத நூல் பின்புறமாக ஓடும். அதை இறுக்கினால் துணி சுருங்கும். தளர விட்டால் விரல் சிக்கும். அளவறிந்து விட்டாலோ, அவ்வோடு நூலே இரட்டை அடுக்காகிக் கதகதப்பைத் தரும். புதிதாய்ப் பயில்வோர் மணிக்கட்டுப் பட்டை போன்ற சிறு வேலையில் தொடங்குதல் நன்று.

மரபு தடையன்று. தளை பிறழாமல் புதுப்பொருள் பாடும் வெண்பாப் புலவனைப் போல, பழைய விண்மீனைப் புதிய வண்ணத்தில் அமைக்கப் பின்னுவோர்க்கு முழு உரிமை உண்டு. முதல் முயற்சியில் விண்மீன் சற்றுக் கோணலாகலாம். பிரித்து மீண்டும் பின்னலாம். பிழையைப் பொறுமையாகத் திருத்தக் கற்பிப்பதும் இக்கலையின் பயனாம்.

2006-இல் ரீகா நகரில் நேட்டோ மாநாடு கூடியபோது, வந்தோர்க்கு ஏறத்தாழ 4,500 இணைக் கையுறைகளை லாட்வியா பரிசளித்தது. அவை யாவும் கையால் பின்னப்பட்டவை. ஒரு காலத்துச் சீர்ப்பெட்டிப் பொருள் நாட்டின் முகவரியாகவே உயர்ந்தது. அருங்காட்சியகம் பழைய கையுறையைக் காக்கும். ஆனால் பின்னும் விரல்களே மரபைக் காக்கும். முன்னோர் கைவேலை எதுவாயினும், அதனைப் போற்றும் வழி அதனைச் செய்து பழகுதலே என்பதை நாம் உணர்வோமாக.