ரேடியம் முள்ளும் நீல மூலக்கூறும்

1987இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று ஓசூர் அறிந்தது. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் செய்த குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மற்றொன்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் ஆய்வகத்தில் நடந்தது. சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு வேதியியலாளர்கள் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் பிரகாசமான பச்சை ஒளியை வரவழைத்துக் காட்டினார்கள். இரண்டு படலங்களும் சேர்ந்தே சுமார் 135 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. இன்றைய ஓஎல்இடி திரைகளெல்லாம் அந்த வழியில் வந்தவை.

அன்றைய ஓசூர், பின்தங்கிய பகுதி என்பதால் சலுகை கொடுத்து ஆலைகளை வரவழைத்த ஊர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதுவரை இதெல்லாம் தர்மபுரி மாவட்டம். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த கிராமத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, இடுக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது டைட்டன். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம், அந்த அதிர்வை எண்ணி நொடிக்கொரு துடிப்பாக்கும் சில்லு, முள்ளை ஒரு படி நகர்த்தும் குட்டி மோட்டார்: கடிகாரம் அவ்வளவுதான். இருட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் முள்ளிலும் எண்களிலும், நாம் ரேடியம் என்று சொல்லிவந்த பூச்சு இருக்கும். உண்மையில் அது துத்தநாக சல்பைடு போன்ற தூள். பகலில் வாங்கிய வெளிச்சத்தை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். பேட்டரியிலிருந்து அதற்கு ஒன்றும் தேவையில்லை.

இன்று அதே டைட்டன் விற்கும் ஸ்மார்ட் வாட்சுகள் பலவற்றில் முள்ளே கிடையாது, ஓஎல்இடி வகையைச் சேர்ந்த அமோலெட் திரைதான். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். கறுப்பு காட்ட வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடுவதால் பேட்டரியும் மிச்சம். ஷிப்ட் விடும் நேரத்தில் ராயக்கோட்டை சாலையில் நின்றால் கம்பெனி பஸ்களைப் பார்க்கலாம். அவை போய்வரும் உத்தனப்பள்ளிப் பக்கத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உலோக உடலைக் கடைந்தெடுக்கிறார்கள். 2022இல் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பெண்களைப் பயிற்சி கொடுத்து அழைத்துவந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிய எல்லை ஊரில் இப்போது இந்தியும் கலந்துவிட்டது.

உடல் இங்கே உருவாகிறது, சரி. திரை? அது கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. 2017இல் வந்த ஐபோன் டென் முதல் அந்த வரிசைக்குள் ஓஎல்இடி நுழைந்துவிட்டது. ஆனால் அந்தத் திரைக்குள் ஒளிரும் பொருளில் ஒரு கிராம்கூட ஓசூரில் தயாராவதில்லை. என் மனதை அரிப்பது இதுதான். ஏனென்றால் இந்தத் தொழிலில் கனத்த லாபம் மூலக்கூறை வைத்திருப்பவருக்குத்தான். கண்டுபிடித்த கோடாக்கே 2009இல் தன் ஓஎல்இடி தொழிலை எல்ஜி குழுமத்துக்கு விற்றுவிட்டது. இரிடியம் சேர்ந்த ஒளிர்பொருள்களின் காப்புரிமையைக் கையில் வைத்திருக்கும் அமெரிக்காவின் யுனிவர்சல் டிஸ்ப்ளேவோ, திரை ஆலை ஒன்றுகூட நடத்தாமல் சாம்சங்கிடமே உரிமத்தொகை வாங்குகிறது.

இரிடியம் எதற்கு? மின்சாரம் பாயும்போது மூலக்கூறுகள் தூண்டப்படுகின்றன. சாதாரணக் கரிமப் பொருளில் அந்தத் தூண்டலில் நான்கில் ஒரு பங்குதான் ஒளியாகும். மூன்று பங்கு வெப்பமாக வீணாகும். கனமான உலோக அணு ஒன்றை மூலக்கூறின் நடுவில் வைத்தால் அந்த மூன்று பங்கையும் ஒளியாக்கலாம் என்று 1998இல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் முதலில் பிளாட்டினத்தை வைத்துக் காட்டினார்கள். அடுத்து இரிடியம் வந்தது. சிவப்பும் பச்சையும் அப்படித்தான் தேறின. நீலம் தேறவில்லை. நீல ஒளிக்கு வேண்டிய ஆற்றல், மூலக்கூறின் பிணைப்பையே அறுக்கப் போதுமானது. ஒளிர ஒளிரத் தன்னையே சிதைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலான திரைகளில் நீலம் மட்டும் இன்னும் பழைய, மூன்று பங்கை வீணடிக்கும் வகைதான். 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழு, அரிய உலோகமே இல்லாமல் அந்த மூன்று பங்கையும் மீட்கும் இன்னொரு வழியைத் திறந்தது. அந்த வழியில் பெங்களூரு ஐஐஎஸ்சியில் ராஜமல்லியின் குழு வேலை செய்கிறது. ஓசூரிலிருந்து ஜூஜூவாடி மாநில எல்லையைத் தாண்டிப் போனால் சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய அமோலெட் ஆய்வு மையத்துக்கு ஒன்றிய அரசோடு டாட்டா சன்ஸும் பணம் போட்டிருக்கிறது.

ஒளிர்பொருளைத் தயாரிக்க ஓசூரால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு டைட்டனின் கதையையே காட்டுவேன். இயந்திர நுட்பத்தைத் தொடக்கத்தில் பிரான்ஸ் எபோஷ் நிறுவனத்திடம் வாங்கினார்கள். 2002இல் வெளிவந்த எட்ஜ் கடிகாரத்தின் கனம் மூன்றரை மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர், அது இங்கேயே வடிவமைத்தது. கடன் வாங்கிய நுட்பத்திலிருந்து சொந்த நுட்பத்துக்கு வரப் பதினைந்து ஆண்டு பிடித்தது.

வேதியியலும் இந்த ஊருக்குப் புதிதல்ல. சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் ஆலைகள் இருக்கின்றன. பல்லேடியம் வினையூக்கியால் இரு வளையங்களை இணைக்கும் சுசுகி வினை, மருந்துக்கும் ஓஎல்இடி பொருளுக்கும் பொது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். மருந்தைப் படிகமாக்கி வடித்தால் பெரும்பாலும் போதும். ஒளிர்பொருளை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி, நீண்ட குழாயில் படியவைத்து, அழுக்கு படிந்த பகுதியைச் சுரண்டி ஒதுக்கி, மறுபடி ஆவியாக்க வேண்டும். துளி அசுத்தம் தங்கினாலும் திரை சீக்கிரம் மங்கும். ஒரு கைப்பேசித் திரைக்கு வேண்டியதோ மில்லிகிராம் கணக்கு. ஏக்கர் கணக்கில் நிலம் கேட்காத தொழில் இது. கேட்பது ஆவியாக்கும் உலைகளையும், ஒளிரும் மாதிரிகளை ஆயிரக்கணக்கான மணி நேரம் எரியவிட்டு எப்போது மங்குகின்றன என்று பதிவு செய்யும் சோதனைக்கூடத்தையும். அடுத்த சிப்காட் கட்டத்துக்கு நிலம் எடுக்கும்போது அரசு முதலில் அந்தக் கூடத்தைக் கட்டட்டும். மருந்து ஆலைகளின் வேதியியலாளர்கள் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்து எரித்துப் பார்க்க அது திறந்திருக்கட்டும்.