வாசலில் நின்று ஒரு மொழி

குவாத்தமாலாவின் பழைய தலைநகரில் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்கும் முதுகுப்பைப் பயணிகளுக்குக் காலையில் ஸ்பானிஷ் வகுப்பு, இரவில் ஊர்வலம். நடுவே ஒரு சங்கடமான கேள்வியும் காத்திருக்கிறது.

டிசம்பர் 16 முதல் ஒன்பது இரவுகளும் ஆன்டிகுவா நகரின் கல் பாவிய தெருக்களில் ஆமை ஓட்டைத் தட்டும் ஓசை கேட்கிறது. ஜோசப், மேரி சிலைகளைச் சுமந்து வரும் ஊர்வலம் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. தங்க இடம் கேட்டு வெளியே நிற்பவர்கள் பாடுகிறார்கள். இடமில்லை என்று உள்ளேயிருந்து பதில் பாட்டு வருகிறது. கடைசியில் கதவு திறக்கிறது. 'போசாதா' என்ற இந்தச் சடங்கின் பெயருக்கே தங்குமிடம் என்றுதான் பொருள்.

கூட்டத்தின் கடைசியில் திக்கித் திணறிப் பாடும் வெளிநாட்டு இளைஞர்களுக்கு இந்தப் பாட்டு நன்றாகவே புரியும். சில நாட்களுக்கு முன்பு அவர்களும் இப்படித்தான் முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டினார்கள்.

1773-ல் நிகழ்ந்த பூகம்பத்தில் சிதைந்து, 1776-ல் தலைநகர் அந்தஸ்தையும் இழந்த ஊர் ஆன்டிகுவா. 1979-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று இடிந்த தேவாலயங்களைப் போலவே ஸ்பானிஷ் பள்ளிகளுக்கும் இந்த ஊர் பிரசித்தம். ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், தினமும் நான்கைந்து மணி நேரம் பாடம் என்பது இங்கே வழக்கமான ஏற்பாடு. தங்குவதும் சாப்பிடுவதும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில். காலையில் படித்ததை மதியச் சாப்பாட்டு மேஜையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். வார இறுதியில் 3,976 மீட்டர் உயர அக்காதெனாங்கோ மலையில் ஏறினால் எதிரே நெருப்பைக் கக்கும் ஃபுவேகோ எரிமலையைக் காணலாம்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தில் சில சலுகைகள் உண்டு. ஸ்பானிஷின் 'ஞ' ஒலி நமக்குப் புதிதல்ல. ஆங்கிலேயரைக் குழப்பும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரு வினைச்சொற்களும் நம்மை அவ்வளவு மிரட்டுவதில்லை. 'அவள் ஆசிரியை', 'அவள் களைப்பாக இருக்கிறாள்' என்று நாமும் ஏறக்குறைய அதே பாகுபாட்டைச் செய்கிறோம். நீ, நீங்கள் வேறுபாடும் அங்கே உண்டு.

ஆனால் கற்ற மொழியோடு சந்தைக்குப் போனால் ஓர் அதிர்ச்சி. கைத்தறி 'விபில்' சட்டை அணிந்து காய்கறி விற்கும் பெண்கள் தமக்குள் பேசுவது கக்சிக்கேல். 1524-ல் ஸ்பானியப் படை கொண்டுவந்த மொழி அவர்களில் பலருக்கும் இரண்டாவது மொழிதான். நாட்டில் 22 மாயா மொழிகள் உள்ளன. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று 1999-ல் உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள்.

அப்படியானால் ஸ்பானிஷ் கற்பது யாருக்கு ஆதாயம்? இதற்கு ஒரு பதில் ஆன்டிகுவாவிலேயே இருக்கிறது. அங்குள்ள பிரான்சிஸ்கோ மர்ரோகின் மொழித் திட்டம், மாயா மொழி பேசுபவர்களையே மொழியியலாளர்களாகப் பயிற்றுவித்தது. வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்பித்த வருமானம் அந்தப் பணிக்குக் கைகொடுத்தது. 1990-ல் மாயா மொழிகள் அகாதெமிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2003-ல் வந்த தேசிய மொழிகள் சட்டம் இம்மொழிகளின் உரிமைகளை உறுதி செய்தது.

ஆசிரியர்களின் நிலை வேறு. மாணவர் வந்தால்தான் பலருக்கும் வருமானம். 2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டபோது வகுப்பு மேஜைகள் காலியாயின. சிலர் கணினித் திரை வழியே பாடம் நடத்திச் சமாளித்தார்கள்.

24-ம் தேதி நள்ளிரவில் ஊரே பட்டாசுப் புகையில் மூழ்குகிறது, நம்மூர் தீபாவளியைப் போல. தரையில் பைன் இலைகள் பரப்பிய கூடத்தில், இலையில் பொதிந்து வேகவைத்த 'தமால்', பழங்கள் மிதக்கும் சூடான 'போன்ச்சே', எல்லோருக்கும் ஓர் அணைப்பு. அந்த நேரத்தில் விருந்தாளி வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னாலும் யாரும் திருத்துவதில்லை. பாடம் மீண்டும் தொடங்க இன்னும் ஓரிரு நாள் இருக்கிறது.