பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனையா, தனியாரா?

“வயலில் பாம்பு கடித்தால் எங்கே போவது? பணம் செலவானாலும் பரவாயில்லை” என்று நாவலூர் வாசகர் கேட்டிருக்கிறார். நான் மருத்துவர் இல்லை. முப்பது வருஷமாக வரப்பில் நடப்பவன்.

தையூர் பக்கம் அறுவடையில் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பணம் கட்டவே முக்கால் மணி நேரம் போனது. பிறகு, விஷமுறிவு மருந்து இருப்பில்லை என்றார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில்தான் பிழைத்தார். விஷம் ஏறியிருந்தால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை தேவைப்படும். அரசு மருத்துவமனையில் அத்தனையும் இலவசம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது.

பக்கத்து இலங்கையில் 1951-லேயே அரசு மருத்துவமனைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள் (இடையில் சில வருஷம் சில்லறைக் காசு வாங்கியது தவிர). கொழும்பில் வசதியானவர்கள் தனியாரிடம் போகட்டும். பாம்பு கடித்த விவசாயி போவது அரசு மருத்துவமனைக்குத்தான். மருந்து மட்டும் இந்தியாவிலிருந்து போகிறது. நம் பாம்புகளின் விஷத்தில் செய்தது என்பதால், அங்கே அதிகம் கடிக்கும் குழிவிரியனுக்கு அது கேட்பதில்லை. மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பவர்கள், 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் நடத்தும் வடநெம்மேலி இருளர்கள். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான்!

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று நாற்று நடவுக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.