திண்ணையை இழந்த பெரியவர்கள்

உங்கள் இல்லத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறாரா? வாப்பா என்றோ அத்தா என்றோ, உம்மா என்றோ பெத்தும்மா என்றோ நீங்கள் அழைக்கும் அவர், நேற்றைய பொழுதை எப்படிக் கழித்தார் என்று சற்று நினைத்துப் பாருங்கள். வேளைக்கு உணவு கொடுத்தீர்கள், மருந்து கொடுத்தீர்கள், மின்விசிறியைச் சுழலவிட்டீர்கள். குறையொன்றும் வைக்கவில்லை. ஆனால் அவர் வாசற்படியைத் தாண்டினாரா? தம் வயதொத்த ஒருவருடன் பத்து நிமிடங்களேனும் மனம்விட்டுப் பேசினாரா?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமிருந்ததில்லை. வீட்டு முகப்பில் திண்ணை இருந்தது. அஸருக்குப் பின் அங்கு நான்கு பெரியவர்கள் கூடினால் ஊர்ச் செய்தி அத்தனையும் வந்து சேர்ந்துவிடும். பெண்களுக்கும் தனி வழி இருந்தது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீடுகளுக்கிடையே ஓடும் முடுக்குகள் வழியே மூதாட்டியர் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய் வந்தார்கள். இன்று பிள்ளைகளின் தொழிலும் பேரர்களின் படிப்பும் நம்மைப் புறநகர் அடுக்குமாடிகளுக்கு அழைத்து வந்துவிட்டன. திண்ணையும் இல்லை, முடுக்கும் இல்லை. மூன்றாம் மாடிச் சன்னலே பெரியவர்களின் உலகமாகிவிட்டது.

கம்பத்திலிருந்து மாடிக்கு

இதே இடரை நமக்கு முன்பே சந்தித்த ஓர் ஊர் உண்டு. நம் முன்னோர் சபராளிகளாய்ச் சென்று வேரூன்றிய சிங்கப்பூர்தான் அது. கடையநல்லூர், தென்காசி, நாகூர் என்று எத்தனையோ ஊர்களின் குடும்பங்கள் அங்கே மூன்றாம் தலைமுறையைக் கண்டுவிட்டன. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்ட பின், கம்பத்து வீடுகளில் வாழ்ந்த மக்கள் படிப்படியாக அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்று இளைஞராய் மாடியேறியவர்கள் இன்று முதியவர்கள். 2030-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்பது அரசின் கணிப்பு.

ஆகவே, முதியவர் வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு எவையெல்லாம் தடையாக நிற்கின்றன என்று அவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். முதல் தடை, வீட்டின் குளியலறை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் மீண்டும் முன்போல் நடமாடுவது கடினம். எனவே, 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் குளியலறைத் தரையை வழுக்காமல் செய்து, சுவரில் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்தித் தருகிறார்கள். அடுத்த தடை, மாடிப்படி. பழைய கட்டடங்களில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நிற்கும். 2001 முதல் அவற்றைத் திருத்தி, இயன்ற இடங்களிலெல்லாம் ஒவ்வொரு தளத்திலும் நிற்கச் செய்தார்கள்.

மூன்றாவது தடை, சாலை. பச்சை விளக்கு அணைவதற்குள் தள்ளாடும் கால்கள் மறுபுறம் சேர வேண்டுமே! 2009-இல் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். முதியவர் தமது சலுகைப் பயண அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்பப் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதலாக எரியும். பதின்மூன்று வினாடி என்ன பெரிது என்று நமக்குத் தோன்றலாம். கைத்தடியுடன் நடுச்சாலையில் நிற்பவருக்கு அதன் அருமை தெரியும்.

பூங்கா தரும் மருந்து

வெளியே வந்தவர் எங்கே செல்வது? பூங்காக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புப் பாதைகள் அத்தீவில் இன்று 300 கிலோமீட்டருக்கும் மேலாக நீள்கின்றன. பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் கதை இன்னும் சுவையானது. அதன் ஓரத்தில் காலாங் ஆறு வெறும் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, புல்லும் கல்லும் செடியும் கரையாக அமைய, வளைந்து நெளிந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். மாலை வேளையில் பேரனின் கையைப் பிடித்தபடி நீரருகே நிற்கும் முதியவர்களை அங்கே காணலாம்.

நோயுற்ற முதியவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. 2016-இல் ஹார்ட்பார்க் என்னும் பூங்காவில் முதல் நலமளிக்கும் தோட்டம் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் கைநீட்டித் தொடும் உயரத்தில் செடிப்பாத்திகள், மணம் வீசும் இலைகள், இளமையில் கண்டு பழகிய பழமரங்கள், வழிதவறாமல் நடக்க எளிய பாதை ஆகியவை இத்தகைய தோட்டங்களின் இலக்கணம். நினைவு மங்கிவருவோருக்கு ஓர் இலையின் மணம் பழைய வீட்டையே நினைவுக்குக் கொண்டுவரக் கூடும். 2030-க்குள் இத்தகைய தோட்டங்களை 30 ஆக உயர்த்துவது அவர்களது இலக்கு.

ஒரே கூரையின் கீழ்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 2018-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ‘கம்போங் அட்மிரல்டி’ இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துவிட்டது. முதியவர்களுக்கென 104 வீடுகள், கீழே அனைவரும் கூடும் முற்றம், உணவங்காடி, மருத்துவ நிலையம், கூரையில் தோட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் காப்பகமும் முதியோர் நிலையமும் அருகருகே அமைந்துள்ளன. வீட்டு வாசல்களின் அருகே, அண்டை வீட்டார் அமர்ந்து பேசுவதற்கென்றே பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். வாசகர்களே, அது நம் திண்ணையன்றி வேறென்ன?

மற்றக் குடியிருப்புகளில், பெரும்பாலும் அடுக்குமாடியின் தரைத்தளத்திலேயே, ‘துடிப்பாக மூப்படையும் நிலையங்கள்’ இயங்குகின்றன. உடற்பயிற்சி, கைவினை, கைப்பேசிப் பயிற்சி, சேர்ந்துண்ணல் ஆகியவை அங்கே நடைபெறும். அழைத்தும் வராதவர்களை அப்படியே விட்டுவிடுவதில்லை. 2014 முதல் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி நலம் விசாரித்து வருகிறார்கள். தனிமையில் வாடுபவர் தாமாகவே எழுந்து வரமாட்டார் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

கைவிடுவதா, கைகொடுப்பதா?

“பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமையாயிற்றே! பொழுதுபோக்க அவர்களை வெளியே அனுப்புவது நமக்கு இழுக்கல்லவா?” என்று சிலர் கேட்கக்கூடும். கடமை பிள்ளைகளுடையதே, அதில் ஐயமில்லை. சிங்கப்பூரே 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. நம் இந்தியாவும் 2007-இல் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் சட்டத்தால் உணவையும் உறைவிடத்தையும் பெற்றுத்தர இயலுமேயன்றி நட்பைப் பெற்றுத்தர இயலாது. எவ்வளவு அன்பான மகனும் தந்தைக்குப் பள்ளித் தோழனாக முடியாது. முதியோர் இல்லத்தில் விட்டுவருவது வேறு. மாலையில் பூங்காவுக்கு அழைத்துச் சென்று மஃரிபுக்கு முன் வீடு திரும்புவது வேறு.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். சிங்கப்பூர் நிலையங்களுக்குப் பெண்களே மிகுதியாக வருகிறார்கள். ஆண்களை வரவழைப்பதுதான் கடினம் என்பது அங்குள்ளோரின் அனுபவம். நம்மிடையே நிலைமை தலைகீழ். நம் வீட்டு ஆண்களுக்குப் பள்ளிவாசல் முற்றமாவது இருக்கிறது. ஐவேளையும் நடை, நாலு பேரின் ஸலாம், ஒரு தேநீர்க் கடை. நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்று, இப்போது மூட்டுவலியுடன் கட்டிலில் அமர்ந்திருக்கும் நம் உம்மாவுக்கு என்ன இருக்கிறது? அவர் முறையிடுவதில்லை என்பதாலேயே அவருக்குக் குறையில்லை என்று நாம் எண்ணிவிட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் நம் ஊரில் யார் செய்வார் என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்த அரசாணை தேவையில்லை. ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை போதும். 65 வயதைக் கடந்தோரும் தம் உடல்நிலை இடங்கொடுக்கும் அளவுக்கு வாரத்தில் 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு கொள்ள வேண்டும், விழாமலிருக்க உதவும் சமநிலைப் பயிற்சிகளை வாரம் மூன்று நாட்களேனும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சுபுஹுக்குப் பின் அரைமணி நேர நடை, வாரத்தில் ஐந்து நாட்கள், கணக்குச் சரியாகிவிடும். இதய நோயோ மூட்டு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

உங்கள் பகுதிப் பூங்காவுக்கு ஒரு மாலை சென்று பாருங்கள். முதுகு சாய்த்து அமரப் பெஞ்சு உண்டா? படியருகே சரிவுப் பாதை உண்டா? மூதாட்டியர் தயக்கமின்றிச் செல்லத் தூய்மையான கழிப்பறை உண்டா? இல்லையெனில் குடியிருப்போர் பத்துப் பேர் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ மனுக் கொடுங்கள். ஜமாஅத்தார் மனம் வைத்தால், வாரத்தில் ஒரு பிற்பகல் மண்டபத்தைப் பெரிய பெண்களுக்கென ஒதுக்கலாம். இரத்த அழுத்தம் பார்க்க ஒரு செவிலியர், ஒரு குவளைத் தேநீர், பழங்கதை பேச இரண்டு மணி நேரம். இதற்கு ஆகும் செலவு ஒரு திருமண விருந்தின் ஓரத்தில் மிஞ்சுவதைவிடக் குறைவு.

இவை எதுவும் இயலாதென்றால், இன்று மாலை ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் உம்மாவிடம், அவரது சிறுவயதுத் தோழியர் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே கூட இருக்கலாம். அவரும் ஒரு சன்னலோரம் அமர்ந்திருக்கக்கூடும். ஆட்டோவை அழைத்து உம்மாவை அங்கே கொண்டுபோய் விடுங்கள்.